கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள்

கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போனால் ஓவியப் புத்தகங்கள் பக்கம்தான் கால் முதலில் போகும். ஐரோப்பிய ஓவியர் புரூகலின் 1565 அறுவடைப் படத்தில் ஆட்கள் மரத்தடியில் சாப்பிடுகிறார்கள், ஒருவன் காலைப் பரப்பித் தூங்குகிறான். அழகுதான். ஆனால் என்னை உலுக்கியது பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-ல் காட்சிக்கு வைத்த படம். அறுப்பு முடிந்த கோதுமை வயலில் மூன்று பெண்கள் உதிரிக் கதிர் பொறுக்குகிறார்கள். இருவர் இடுப்பொடியக் குனிந்திருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறாள். தூரத்தில் பெரிய பெரிய கதிர்ப் போர்கள், பாரவண்டி, குதிரை மேல் கண்காணி. அதெல்லாம் முதலாளிக்கு, சிந்தியது இவர்களுக்கு. மன்னார்குடிப் பக்கம் எங்கள் அம்மாச்சியும் இப்படிப் பொறுக்கித்தான் பிள்ளைகளுக்கு உலை வைத்தார். அந்த முதுகுவலி மில்லேவுக்குத் தெரியும், அவரும் விவசாயி மகன். அன்று பாரிஸில் வசதியானவர்கள் பலர் இந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். எனக்கு இன்றும் அவர்கள் மேல் கோபம் வருகிறது.