மூடியது யார் என்று நைனா கேட்டார்

போன கார்த்திகையில் ஒரு காலை. சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு வந்து போனைத் திறந்தால் குழுவைக் காணோம். மாடு வளர்ப்பவர்களுக்காக ஒரு சமூக வலைத்தளத்தில் 2018இல் நான் தொடங்கிய குழு. எங்கள் வேலூர் பக்கம் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் கண்ணமங்கலம், போளூர் வரை பதினோராயிரம் பேர் அதில் இருந்தார்கள். 'விதிமுறைகளை மீறியதால் நீக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி மட்டும் வந்திருந்தது.

என்ன மீறல் என்று யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி ஒரு படத்துக்கு 'ஆபாசம்' என்று எச்சரிக்கை வந்திருந்தது. கண்ணமங்கலம் பக்கத்து அக்கா ஒருவர் போட்ட படம் அது. மடிநோய் வந்த மாடு. பின்காம்பு இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. பீச்சினால் பாலோடு ரத்தம் திரிதிரியாக வருகிறது, டாக்டர் நாளைக்குத்தான் வருவார், அதுவரை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் பதில்கள் வந்துவிட்டன. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் விழுதாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது மடி முழுக்கப் பூசுங்கள், டாக்டர் வந்ததும் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அந்த மடியைப் பார்த்துத்தான் எங்கேயோ ஒரு மிஷின் ஆபாசம் என்று முடிவு கட்டியிருக்கிறது.

மேல்முறையீட்டுக்கு ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். ஆறு மணி நேரத்தில் 'மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை' என்று பதில். அதற்கப்புறம் பட்டனும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

பேரணாம்பட்டு அண்ணன் ஒருவர் தன் மாடுகளுக்குச் சினை ஊசி போட்ட தேதி, பருவம் திரும்பியது, கன்று போட்டது எல்லாவற்றையும் மூன்று வருடம் விடாமல் அதில் எழுதி வந்தார். தோல் கழலை நோய் 2022இல் பரவியபோது எந்த ஊரில் எத்தனை மாடு என்று நாங்கள் போட்ட பட்டியல் அதில் இருந்தது. கோ-4 தீவனப் புல் கரணை யாரிடம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதும் அதில்தான். எங்களிடம் ஒரு நகல்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நைனாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எழுபத்து நான்கு வயது. போனில் பேசத் தெரியும், அவ்வளவுதான்.

"ஆருமா மூடுனது? பேரு இன்னா?" என்றார்.

"தெரியாது நைனா. மிஷின் மூடிச்சு."

"மிஷினை வெச்சவன் எங்க குந்திக்கினு கீறான்? போய் ஒரு வார்த்தை கேக்க முடியாதா?"

பதினோராயிரம் பேர் ஏழு வருடம் எழுதியதை அழித்தது யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நைனா இதை விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் 1994இல் அவர் கேட்ட கேள்வியும் இதேதான். நான் அப்போது ஆறாவது படித்தேன்.

அந்தக் காலத்தில் பாலுக்கு விலை வைக்கிற கொழுப்பு டெஸ்ட் உள் அறையில் நடக்கும். கதவு சாத்தியிருக்கும். நாம் ஜன்னலில் சாம்பிள் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். ராத்திரி நோட்டில் ஏறியிருக்கும் எண்தான் எண். எங்கள் பால் என்றைக்கும் 3.4, 3.5 என்றே வந்தது. நைனா ஒருநாள் கறந்த பாலை இரண்டு கேனில் சரிபாதியாக ஊற்றினார். ஒன்றைத் தன் பேரில் கொடுத்தார், இன்னொன்றைப் பதினான்கு மாடு வைத்திருந்த எங்கள் பெரியப்பா பேரில் கொடுக்கச் சொன்னார். எங்களுக்கு 3.4. பெரியப்பாவுக்கு 4.1. ஒரே மாட்டின் ஒரே வேளைப் பால்.

அந்த வருடப் பேரவைக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னார். டெஸ்ட் மேஜையை வராந்தாவுக்குக் கொண்டுவர வேண்டும், பால் ஊற்றுகிற யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம் என்று தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். நைனாவுக்கு இரண்டு மாடு, பெரியப்பாவுக்குப் பதினான்கு, ஆனால் ஆளுக்கு ஒரு கைதான். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல் நானும் போய் நின்றேன். கண்ணாடிக் குழாயில் முதலில் கந்தக அமிலம் 10 மில்லி. அதன்மேல் பக்கவாட்டில் வழியவிட்டுப் பால் 10.75 மில்லி, அப்புறம் அமைல் ஆல்கஹால் 1 மில்லி. ரப்பர் கார்க் போட்டுத் துணி சுற்றிக் குலுக்கினால் பால் காபி மாதிரிக் கறுத்துக் குழாய் கையைச் சுடும். ஐந்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்துத் தூக்கிப் பிடித்தால், அளவுக்கோடு போட்ட கழுத்தில் மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் கொழுப்பு. எங்கள் பால் அன்றைக்கு 4.0.

வலைத்தளங்களைப் பயனர்கள் ஆள வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வரும். யார் எழுதியது மேலே வரும், யாருடையது புதைந்து போகும், எந்தப் படம் ஆபாசம் என்று அளக்கிற மேஜை இன்றைக்கும் உள் அறையில்தான் கிடக்கிறது. ஊற்றுகிற நாம் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறோம்.

இதை ஒருமுறை முயன்று பார்த்தார்கள். தன் விதிகளை மாற்றும்போது பயனர்கள் ஓட்டுப் போடலாம் என்று 2009இல் ஃபேஸ்புக் அறிவித்தது. மொத்தப் பயனர்களில் 30 சதவீதம் பேர் வாக்களித்தால்தான் அந்த முடிவுக்கு நிறுவனம் கட்டுப்படும் என்பது நிபந்தனை. ஓட்டு முறையையே எடுத்துவிடும் மாற்றம் 2012 டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏழு நாள் அவகாசம். அப்போதே பயனர்கள் நூறு கோடிக்கு மேல் என்பதால் முப்பது கோடி ஓட்டு வேண்டும். போட்டவர்கள் ஏறக்குறைய 6 லட்சத்து 68 ஆயிரம் பேர், அவர்களில் 88 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். எண்ணிக்கை எட்டவில்லை என்று ஓட்டு முறை போய்விட்டது. எங்கள் பேரவையில் இப்படி ஒரு நிபந்தனை இருந்திருந்தால் டெஸ்ட் மேஜை இன்னும் உள்ளேயேதான் இருந்திருக்கும்.

கூட்டுறவு என்றாலே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. தேர்தலே நடக்காமல் அரசு போட்ட தனி அலுவலர் பார்த்துக்கொண்ட வருடங்களும், கட்சிக்காரர்கள் பங்கு பிரித்துக்கொண்டதும் நம் பக்கத்தில் தெரியாதவர் யார்? ஆனாலும் கேட்க ஓர் இடம் இருந்தது. சங்கம் கேட்காவிட்டால் வேலூரில் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம். வலைத்தளங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. மத்திய அரசு 2023 ஜனவரியில் மூன்று மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி முடிவு சொன்ன 30 நாளுக்குள் அங்கே போக வேண்டும். எனக்கு விஷயம் தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. இதைப் படிப்பவர்களாவது தவறவிடாதீர்கள். ஆனால் அது மனு கொடுக்கும் இடம். விதியை மாற்ற நமக்கு அங்கே கை கிடையாது.

கை இருக்கிற இடங்களும் இணையத்தில் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து நடக்கிறது. அங்கே பொதுப் பேச்சுக்கு என்று ஒரு பக்கம், பெயரே 'ஆலமரத்தடி'. நிர்வாகிகளைப் பயனர்களே பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு கட்டுரையில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். சோஷியல்.கூப் என்று ஒன்று 2017இலிருந்து இருக்கிறது. மாஸ்டடான் மென்பொருளில் ஓடும் சமூக வலைத்தளம், உறுப்பினர்களே சந்தா கட்டி, ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள். மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை, பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் ஓடுகிறது. அதில் ஒரு சர்வர் பிடிக்காவிட்டால் நம்மைப் பின்தொடர்பவர்களை அழைத்துக்கொண்டே வேறு சர்வருக்குக் குடிபோகலாம். சங்கம் சரியில்லை என்றால் அடுத்த ஊர்ச் சங்கத்தில் ஊற்றுகிற மாதிரி.

சரி, நாமே ஒன்று வைப்போம் என்று தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலப் பால் முடிந்ததும், அதே வராந்தாவில் உட்கார்ந்தோம். நாற்பத்து மூன்று பேர். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் கட்டற்ற மென்பொருள் ஒன்றை வாடகை சர்வரில் போட்டுக் கொடுத்தான். மாதம் 700 ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய் சந்தா. முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், ஓட்டு உண்டு.

விதிகளுக்குத்தான் மூன்று மணி நேரம் ஆனது. ஒரு பதிவை எடுக்க வேண்டுமானால் மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், காரணத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும். எடுத்தது தப்பு என்றால் மாதக் கூட்டத்தில் கேட்கலாம். வரவு செலவு ஐந்தாம் தேதிக்குள் போட வேண்டும். வாரம் ஒருமுறை முழு நகல் எடுத்து மூன்று வீட்டில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொன்னது பேரணாம்பட்டு அண்ணன். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. மாட்டு மடி, காம்பு, கன்று போடும் படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி என்பது முதல் விதி. அதற்கு எதிர்ப்பே இல்லை.

பதினோராயிரத்தில் இதுவரை வந்து சேர்ந்தவர்கள் 380. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தேடும் வழிகூட எங்களிடம் இல்லை. பூச்சி மருந்துக் கம்பெனி விளம்பரங்களைத் துரத்துவதிலேயே என் ராத்திரிகள் போகின்றன. ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு வந்து அதைத்தான் செய்கிறேன். படம் ஏற நேரமாகிறது என்று திட்டுகிறார்கள். திட்டுகிறவர்களுக்கு என் வீடு தெரியும், நேரில் வந்தே திட்டுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

போன மாதம் ஒரு பெரிய சண்டை. மாடு விற்பனைப் பதிவுகளை அனுமதிக்கலாமா? அனுமதித்தால் பொய்கை மாட்டுச் சந்தைத் தரகர்கள் நுழைந்துவிடுவார்கள், வைத்தியம் கேட்க வருகிற பெண்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று நான் எதிர்த்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொய்கைக்கு அலைகிற செலவு எங்களுக்குத்தானே தெரியும் என்றார்கள் இன்னொரு தரப்பார். ஒரு வாரம் எழுத்திலேயே வாதம் நடந்தது. அப்புறம் ஓட்டு. அனுமதிக்கலாம் என்று 71, வேண்டாம் என்று 58. நான் தோற்றேன்.

அடுத்த நாள் காலை முதல் விற்பனைப் பதிவு வந்திருந்தது. ஒடுகத்தூர், ஜெர்சி கலப்பு, இரண்டாவது ஈற்று, எட்டு மாதச் சினை. தலைப்பில் விலை போடவில்லை. விலை போட வேண்டும் என்று விதி இருக்கிறது, திருத்துங்கள் தம்பி என்று கீழே எழுதிவிட்டுப் பால் கறக்கப் போனேன்.