ஜன்னலில் ஒட்டிய ஓட்டோ

ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் எங்கள் எதிர்வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் ஓட்டோ. ஜன்னல் கண்ணாடியில் OTTO என்று நான்கு நீல எழுத்துகளை ஒட்டியிருக்கிறார்கள். தெருவிலிருந்து படித்தாலும் அறைக்குள்ளிருந்து படித்தாலும் அதே பெயர்தான். நம் ‘விகடகவி’ மாதிரி!

பழைய ஜெர்மன் மொழியில் ‘ஓட்’ என்றால் செல்வம், சொத்து. ஓட்மார், ஓட்ஃப்ரீட் போன்ற நீளமான பெயர்களின் சுருக்கமாக வந்ததுதான் ஓட்டோ. 962-இல் ரோமில் பேரரசராக முடிசூடிய முதலாம் ஓட்டோவின் கல்லறை இந்த ஊர்ப் பேராலயத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய மன்னருக்கு எளிமையான கல் பெட்டி, மேலே ஒரு பளிங்குப் பலகை. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். காற்றழுத்தத்தின் வலிமையைக் காட்டிய விஞ்ஞானி ஓட்டோ ஃபொன் கேரிக்கும் இங்கே பிறந்தவர்தான். அதனால் ஊரே தன்னை ‘ஓட்டோ நகரம்’ என்று சொல்லிக்கொள்கிறது.

1900 வாக்கில் தெருவுக்குத் தெரு ஓட்டோக்கள் இருந்தார்கள். அப்புறம் அது தாத்தாக்களின் பெயராகிவிட்டது. ‘ஓட்டோ நார்மால்ஃபெர்பிரௌகர்’ என்றால் இங்கே சராசரி மனிதர் என்றே பொருள். இப்போது இளம் பெற்றோர் மறுபடி அந்தப் பெயரைத் தேடி வைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நேற்று மாலை அந்த ஜன்னலில் விளக்கு எரிந்தது; நீல எழுத்துகளின் நிழல் நடைபாதைப் பனியில் விழுந்திருந்தது.