43 ஆயிரம் கடிதங்களும் மூன்று ஆச்சரியக்குறிகளும்

அலுவலகத்தின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒப்பந்தத் திருத்தத்தை அனுப்பிவிட்டதாக ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார், நமக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என மேலாளர் கேட்டபோது, "ஐந்து நிமிடம் கொடுங்கள், மேடம்" என்று நான் வாய் விட்டிருக்கக் கூடாது.

அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பராமரிப்பது என் பொறுப்பு. பொது முகவரிக்கான பெட்டியை அன்றாடம் திறந்து பார்த்துவந்தவர் வேறு பிரிவுக்கு மாறிப்போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்குப் பின் அதை யார் பார்ப்பது என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. எழுப்புகிறவர் தலையிலேயே அந்த வேலை விடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்தேன். மெயில் செயலி சிறிது நேரம் சக்கரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வெள்ளைத் திரையோடு உறைந்துபோனது. சர்வருக்குள்ளேயே நுழைந்து எண்ணிப் பார்த்ததில், படிக்கப்படாத கடிதங்கள் 43 ஆயிரத்துச் சொச்சம் இருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் சர்வரை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தேன். ஸ்பேமை, அதாவது வேண்டாத விளம்பர, மோசடிக் கடிதங்களை, வடிகட்டும் ஸ்பேம்அசாசின் என்பது பின்னணியில் ஓயாமல் ஓட வேண்டிய ஒரு சேவை. சர்வர் எழும்போது தானும் எழ வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைக்க வேண்டியவர் சொல்லவில்லை. அவர் யார் என்பதை இங்கே ஆராயப்போவதில்லை. கடிதத்தை வாங்கி அந்தச் சேவையிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு நிரலோ மிகவும் இளகிய மனம் படைத்தது: உள்ளே ஆள் இல்லையென்றால், கடிதத்தைத் திருப்பி அனுப்பாமலும் தொலைத்துவிடாமலும் சோதிக்காமலேயே பெட்டிக்குள் அனுப்பிவிடும். நல்ல கடிதம் ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடுதான். ஆனால் காவலாளி தூங்கினால் கதவைத் திறந்தே வைத்துவிடு என்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, எங்கள் டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) இல்லாத பெயர்களுக்கு வருபவையும் அந்தப் பொதுப் பெட்டியிலேயே விழும்படி யாரோ அமைத்திருந்தார். அவரையும் நாம் ஆராய வேண்டாம். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் பெயர்களை வரிசையாக ஊகித்துப் பார்ப்பவர்கள் என்பதால், எங்களிடம் ஒருநாளும் வேலை பார்த்திராத நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே விளம்பரம் ஆளுக்கொரு நகலாக வந்து குவிந்திருந்தது.

"எதையும் பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்" என்பது மேலாளரின் கட்டளை. ஆகவே முதலில் கையாலேயே களையெடுக்க உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் 300 கடிதங்கள் குப்பைக் கோப்புறைக்குப் போயின. வாரிசு இல்லாமல் இறந்துபோன செல்வந்தர்கள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை நெகிழவைத்தது. நான் வாங்காத பொருள்களுக்கு மூன்றாவது நினைவூட்டல் அனுப்பியவர்களின் பொறுமையும் பாராட்டத் தக்கதே. எல்லாவற்றையும்விட, உண்மையிலேயே நிரம்பி வழியும் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே இங்கே சொடுக்குங்கள்' என்று மிரட்டும் மோசடிக் கடிதங்களை அழிப்பதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. சர்வர், வட்டு, அவசரம் ஆகிய சொற்களில் ஒன்று தலைப்பில் தென்பட்டாலே போதும், திறந்துகூடப் பார்க்காமல் தள்ளினேன். 'யாரிடம் விளையாடுகிறாய்' என்று ஓரிரு முறை வாய்விட்டும் சொன்னதாக ஞாபகம்.

இப்படியே போனால் 43 ஆயிரத்தையும் முடிக்க, தூக்கமின்றி உழைத்தாலும் ஆறு நாட்களாகும் என்று கணக்குப் போட்டபோது, 1978 மே 3 அன்று இந்தப் புண்ணியத்தைத் தொடங்கிவைத்த கேரி துர்க் என்பவரை நினைத்துக்கொண்டேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த அவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெறுநர் கட்டத்தில் அடங்காத முகவரிகள் வழிந்து, கடிதத்தின் உடலுக்குள்ளேயே வந்து விழுந்தனவாம். 2004இல் தாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இரண்டே ஆண்டுகளில் ஸ்பேம் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். என் எதிரே இருந்த பெட்டிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

அடுத்து, வடிகட்டியை எழுப்பி உட்காரவைத்து, தேங்கிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக அதற்கு ஊட்டுவது என்று முடிவுசெய்தேன். எங்கள் சர்வரில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு. எல்லாவற்றையும் வேறு கோப்புறைக்கு நகர்த்து என்று ஒரே கட்டளையாகத் தட்டியபோது, பட்டியல் மிக நீளமாக இருக்கிறது என்று சொல்லிச் சர்வர் மறுத்துவிட்டது. அதன் நிலைமையில் நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன். பிறகு சிறு சிறு கட்டுகளாகப் பிரித்துக் கொடுத்தேன். அனுப்பிய கணினியின் முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று வலையில் விசாரித்துவிட்டு வருவதால் ஒரு கடிதத்துக்கு இரண்டு நொடிகள் ஆயின. ஒவ்வொன்றாகப் போனால் முழுதாக ஒரு நாள். அதைவிடச் சங்கடம், நான்கு மாதத்துக்கு முந்தைய கடிதத்துக்கு இன்றைய கறுப்புப் பட்டியலில் தீர்ப்புத் தேடுவது. அன்று அயோக்கியனாக இருந்த முகவரி இன்று திருந்தி, பட்டியலிலிருந்தே நீங்கியிருக்கக்கூடும். எனவே அந்த விசாரணையை நிறுத்திவிட்டு, கடிதத்தின் சொற்களை வைத்தே எடைபோடச் சொன்னேன்.

சொற்களை எடைபோடும் வித்தைக்கு அடிப்படை, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி, அவர் இறந்த பிறகு 1763இல் வெளியான ஒரு கணிதக் கட்டுரை. எந்தச் சொல் ஸ்பேமில் அதிகம் வருகிறது, எந்தச் சொல் நல்ல கடிதத்தில் அதிகம் வருகிறது என்று மாதிரிகளைக் காட்டிப் பழக்கினால், புதிய கடிதம் எந்தக் கட்சி என்பதை நிரலே ஊகிக்கும். ஸ்பேமில் 200, நல்லதில் 200 பார்க்காமல் அது வாயைத் திறக்காது. ஸ்பேமுக்கு, நான் கையால் தள்ளிய 300 கடிதங்கள் தயாராக இருந்தன. நல்லதற்கு எங்கே போவது? எழுந்து தேடச் சோம்பல்பட்டு, என் சொந்தப் பெட்டியிலிருந்தே 200 கடிதங்களை அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் பெட்டியில் இருப்பவை மென்பொருள் புதுப்பிப்பு அறிவிப்புகளும், என்னைப் போன்றவர்களோடு நான் பரிமாறிக்கொண்ட புலம்பல்களும் மட்டுமே. ஆகவே புலம்பினால் நல்லவன், ஒப்பந்தம், தொகை, கையெழுத்து என்று பேசினால் திருடன் என்ற ஒரு நீதியை அந்த நிரல் இரவோடு இரவாகக் கற்றுக்கொண்டது. காலையில் வந்து பார்த்தால், வடிகட்டியை ஏமாற்றுவதற்காக ஏதோ மென்பொருள் கையேட்டின் பத்திகளை வாலில் ஒட்டிக்கொண்டு வந்த மாத்திரை விளம்பரங்கள் எல்லாம் 'நல்லவை' கோப்புறையில் கம்பீரமாக வீற்றிருந்தன. ஸ்பேம் கோப்புறையின் உச்சியில் இருந்தவை, பதிவுக்காகப் பொது முகவரிக்கு நகல் போட்டு எங்கள் மேலாளர் அனுப்பிய கடிதங்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"அது என் பெயர்தானே?"

"ஆமாம், மேடம்."

"பக்கத்தில் 6.2 என்று போட்டிருக்கிறதே, அது நல்ல மதிப்பெண்ணா?"

5 புள்ளியைத் தாண்டினால் ஸ்பேம் என்பதை எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னேன். அவர் விடவில்லை, விவரம் கேட்டார். விவர அறிக்கையைத் திறந்தேன். சொற்களை வைத்துப் பார்த்தால் ஸ்பேமாக இருக்கும் சாத்தியம் 99 சதவீதத்துக்கு மேல் என்பதற்காக மட்டும் மூன்றரைப் புள்ளிகள். எழுத்து இரண்டு வரி, கீழே கையொப்பமாகப் பெரிய படம் ஒன்று என்பதற்குக் கொஞ்சம். தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் என்பதற்குக் கொஞ்சம். தலைப்பின் கடைசியில் அவர் வழக்கமாகப் போடும் மூன்று ஆச்சரியக்குறிகளையும் திரையில் சேர்ந்தே பார்த்தோம். "அவசரம் என்றால் வேறு எப்படி எழுதுவது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

கற்றதையெல்லாம் மறக்கவைத்து, இம்முறை பழைய ஊழியர் பொறுப்பில் இருந்த காலத்தில் பதில் எழுதப்பட்ட 400 கடிதங்களைத் தேடியெடுத்து நல்லதற்கு மாதிரியாக வைத்தேன். ஸ்பேமுக்குப் பழைய 300 கடிதங்களே. இல்லாத பெயர்களுக்கு வந்தவற்றை மொத்தமாக ஒதுக்கினேன். பாதிப் பாரம் அதிலேயே இறங்கியது. மிச்சத்தில் தெளிவான திருடர்கள் ஒரு பக்கம், தெளிவான நல்லவர்கள் ஒரு பக்கம். இரண்டும் கெட்டான் நிலையில், 4 புள்ளிக்கும் 7 புள்ளிக்கும் நடுவே ஊசலாடிய சில நூறு கடிதங்களைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி என்று மேலாளரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வாடிக்கையாளரின் ஒப்பந்தத் திருத்தம் 5.4 புள்ளியில் அகப்பட்டது. தலைப்பு இல்லை. உடலில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இணைப்பின் பெயர் வெறும் எண்கள். நான் கையால் தள்ளிய முதல் 300இல் இது இருந்திருந்தால் நிச்சயமாகத் தொலைந்திருக்கும்.

வேலை முடிந்தது என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியபோது மேலாளர் திரையைச் சுட்டினார். அதே நடுக் கும்பலில், ஒரே அனுப்புநரிடமிருந்து, நாளுக்கொன்றாக, நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள். ஒன்றைத் திறந்தோம். ஸ்பேம் வடிகட்டி ஓடவில்லை, வட்டில் இடம் குறைந்துவருகிறது, உடனே கவனிக்கவும் என்று எங்கள் சர்வரே எழுதியிருந்தது. குப்பைக் கோப்புறையைத் துழாவினால் அங்கேயும் சில கிடந்தன. அவற்றை ஸ்பேம் என்று நானே நிரலுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வகை எச்சரிக்கைகள் பொது முகவரிக்குப் போகும்படி எப்போதோ அமைத்தவன் நான். கண்ணில் படாமல் போய்விடக் கூடாதே என்று, தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்துகளில் எழுதி, கடைசியில் மூன்று ஆச்சரியக்குறிகளைப் போட்டவனும் நான்.

"இதற்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"6.2, மேடம்."

"எனக்கும் அதேதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.