சேவைக் கடிதத்தில் ஒரு பந்தி

போன கிழமை ஒருவழியாக நான் விலகிய கம்பனியின் திருத்திய சேவைக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. கம்பனித் தலைப்புத்தாளில், கையொப்பமும் முத்திரையும் வைத்து, நான் அங்கே உண்மையில் என்ன வேலை செய்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். இதை எடுக்கப் பட்ட பாட்டை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கி, வீடும் தொடர்மாடியும் கட்டி விற்கிற கம்பனிகளில் இப்போது சேருகிற பிள்ளைகள் கனபேர் நாளைக்கு இதே இடத்தில் வந்து நிற்கக்கூடும்.

என் நியமனக் கடிதத்தில் இருந்த பதவி 'சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்'. உண்மையில் நான் விற்பனையில் இருந்தது தொடக்கத்தில் கொஞ்சக் காலம்தான். அதற்குப் பிறகு காணி தேடுவது, தோம்பு, அதாவது காணிப் பதிவேடு பார்ப்பது, சட்டத்தரணியோடு இருந்து பழைய உறுதிகளை ஒப்பிடுவது, நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போவது, அனுமதிக்கான கோவையை மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் கொண்டு திரிவது, கட்டி முடிந்தபின் சி.ஓ.சி (கட்டடம் அனுமதிப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழ்) எடுப்பது வரை எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஊர்க் காணி எப்படி என்று தெரியும்தானே. பங்குக்காரரில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் அற்றோணித் தத்துவம் எடுக்கவேண்டும், ஒரு பங்கை விற்க முதல் மற்றப் பங்குக்காரருக்கு அறிவிக்கவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) முன்கொள்வனவுச் சட்டம் இருக்கிறது, தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் காணியை எழுதும்போது கணவனின் சம்மதமும் வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் வங்கி கடன் கொடுக்காது, வாங்கவந்தவர் திரும்பிப் போய்விடுவார். இவ்வளவையும் பார்த்தவளைத் தாளில் விற்பனைக்காரி என்றுதான் போட்டிருந்தார்கள்.

கொழும்பில் ஒரு கம்பனி 'டிவலப்மென்ட் மனேஜர்' பதவிக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் நன்றாகத்தான் கதைத்தார்கள், ஆனால் பழைய கம்பனி முதலில் தந்த சேவைக் கடிதத்தைப் பார்த்ததும் "நீங்கள் சேல்ஸ் பக்கம்தானே" என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இந்தத் துறையில் ஏணிகள் வேறு வேறு. விற்பனையில் ஏறுகிறவர் சேல்ஸ் மனேஜர், பிறகு விற்பனைத் தலைவர் என்று போவார். ப்ரொஜெக்ட் மனேஜர் என்றால் பெரும்பாலும் கட்டுமானம், அதாவது ஒப்பந்தகாரர், காலம், செலவு. டிவலப்மென்ட் பக்கம் காணி தேடும் நாளிலிருந்து திறப்பைக் கையில் கொடுக்கும் நாள் வரை முழுவதையும் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. அங்கே அனலிஸ்ட் அல்லது கோ-ஓடினேட்டர், அசிஸ்டன்ட் டிவலப்மென்ட் மனேஜர், டிவலப்மென்ட் மனேஜர், சீனியர், அதற்குமேல் டிரெக்டர் என்று படி போகும். பெயர்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆனால் ஓர் ஏணியிலிருந்து மற்றதற்குத் தாவ எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள்.

சரி, சேவைக் கடிதத்தைத் திருத்தி எடுப்போம் என்று கிளம்பினேன். யாழ்ப்பாணக் கிளை மனேஜர் நல்ல மனிசன், ஆனால் "பிள்ளை, அது ஹெட் ஒஃபிஸ் அலுவல்" என்று கையை விரித்துவிட்டார். ஹெட் ஒஃபிஸில் எச்.ஆர் பார்க்கிற மிஸ், கடிதத்துக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது, பெயர், பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, இதற்குமேல் ஒரு வரியும் போடமுடியாது என்றார். பிறகு, சேமலாப நிதிப் படிவத்திலும் சேல்ஸ் என்றுதான் இருக்கிறது, மாற்றினால் பிரச்சினை வரும் என்றார். சேமலாப நிதியில் என் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் ஒழுங்காகக் கட்டுப்பட்டதா என்பதுதான் கணக்கு, செய்த வேலையை விவரிப்பதால் அதில் ஒன்றும் குழம்பாது என்று சொல்லிப்பார்த்தேன். காதில் விழவில்லை. கடைசியில் "டிரெக்டரின் ஒப்புதல் வேண்டும், நேரில் வாங்கோ" என்றார். முதல்நாள் தொலைபேசியில் உறுதிசெய்துவிட்டு இரவு ரயில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கிப் போனால், மிஸ் லீவு, கோவை அவரின் லாச்சியில் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு வேறு யாரிடமும் இல்லை. டிரெக்டரோ கனடாவில். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை ஒரு தேத்தண்ணி தந்து அனுப்பியதுதான் அன்று கிடைத்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. உங்களுக்கு என் வேண்டுகோள், யாராவது நேரில் வரச்சொன்னால், யாரைப் பார்க்கவேண்டும், அவர் அன்று இருப்பாரா, இல்லாவிட்டால் யார் கையொப்பமிடுவார் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகுதான் ரயிலுக்கு ரிக்கற் எடுங்கள்.

வேலை செய்தது வேறு வழி. பதவிப் பெயரை மாற்றச்சொல்லிக் கேட்பதை விட்டேன், ஏனென்றால் பெயரைத் தொட்டால் சம்பளப் படி, பழைய கோவை எல்லாம் கிளறவேண்டி வரும் என்று பயப்படுகிறார்கள். பெயர் அப்படியே இருக்கட்டும், கீழே 'இவரின் கடமைகள்' என்று ஒரு பந்தி மட்டும் சேருங்கள் என்று கேட்டேன். அந்தப் பந்தியை நானே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தை இணைத்தேன். கம்பனி சார்பில் என் பெயரோடு போன முகப்புக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், சம்பளம் கூடியபோது தந்த கடிதம். அந்தச் சம்பளக் கடிதத்தில் 'காணி கொள்வனவும் அனுமதி ஒருங்கிணைப்பும்' என்று ஒரு வரி இருந்தது, அதுதான் என்னைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் நேரடியாக டிரெக்டருக்கு, கனடாவில் அவர் காலையில் எழும்பும் நேரம் பார்த்து அனுப்பினேன். அவர் "சரி, கொடுங்கோ" என்று எச்.ஆருக்குப் பதில் போட்டார். பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது.

இந்த வேலையில் இருக்கிறவர்கள் பொறுப்பு மாறுகிற அன்றைக்கே ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள், விலகும்போது கேட்டால் யாருக்கும் அக்கறை இருக்காது. நியமன விபரங்களை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் தரவேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் இருக்கிறது, அதில் பதவியையும் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். சம்பளத்துக்குப் பதிலாகப் பெரிய பெயர் தந்தாலும் கவனம். என்னோடு வேலை செய்த ஒரு பெடியனுக்குச் சின்ன வயதிலேயே 'ஜெனரல் மனேஜர்' போட்டுக் கொடுத்தார்கள், இப்போது அவனை எங்கேயும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், கீழ்ப் பதவிக்கும் எடுக்கத் தயங்குகிறார்கள். அப்புறம், கொழும்புக்கு அனுப்பும் விபரக்கோவையில் காணியின் அளவை எங்கள் ஊர்ப் பரப்புக் கணக்கில் போடாதீர்கள். 1 பரப்பு 10 பேர்ச், மாற்றி எழுதுங்கள், நான் சொன்ன பரப்பைக் கேட்டு அங்கே முழித்தார்கள். ஆர்.ஐ.சி.எஸ் (காணி, கட்டடத் துறையினருக்கான பிரித்தானியத் தொழில்சார் அமைப்பு) போன்றவற்றின் உறுப்புரிமைக்குப் போக நினைப்பவர்கள் செய்த வேலையை அவ்வப்போது ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள், அங்கே தகைமையையும் அனுபவத்தையும்தான் கிண்டிக் கேட்பார்கள்.

புதுக் கடிதத்தோடு இன்னொரு கம்பனியின் நேர்முகத்துக்குப் போனேன். காணியிலிருந்து சி.ஓ.சி வரை நீங்களே கொண்டுபோன திட்டம் எது என்று முதல் கேள்வியே வந்தது. கோண்டாவில் வீட்டுத்திட்டம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன், நேரம் போனதே தெரியவில்லை. அசிஸ்டன்ட் டிவலப்மென்ட் மனேஜராக எடுத்திருக்கிறார்கள். நான் கேட்டதற்கு ஒரு படி கீழேதான், ஆனால் ஏணி சரியானது. மனேஜராக என்னென்ன செய்து காட்டவேண்டும் என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன், நியமனக் கடிதத்தோடு சேர்த்துத் தந்துவிட்டார்கள்.