யோசனைக்குப் புள்ளி போட்ட இரவு

கிளிநொச்சியில், போர் முடிந்த மே மாதம் வந்தால் நிறையப் பேருக்கு நித்திரை கெடும். அதனால் என் நித்திரையில்லாத இரவுகளை நானும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் இந்த முறை சிறுபோக வயலை எட்டிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

"என்ன பிள்ளை, ஒரே யோசனையா இருக்கிறாய்?" என்றார் அம்மா.

எங்கள் ஊரில் கவலை, பயம், மனச்சோர்வு எல்லாமே 'யோசனை'தான். அதைத் தாண்டினால் நேரே 'விசர்'. நடுவில் ஒரு சொல் இல்லாததால்தான் பாதிச் சனம் வாய் திறப்பதில்லை என்பது என் எண்ணம்.

சரி என்று, மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளை நிரப்பினேன். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள்: நித்திரை, பசி, களைப்பு, எதிலும் நாட்டமின்மை இப்படி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. முதல் தடவை 6 வந்தது. யாருமே பார்க்காத தாளில்கூடப் பொய் சொல்லியிருக்கிறேன்! திரும்ப நிரப்பினேன், 13. 10 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் கதைப்பது நல்லது. நோய் இதுதான் என்று அந்தத் தாள் தீர்ப்புச் சொல்லாது.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைப்பு. அதில் 1 விழுந்தாலும் கூட்டிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது.

நாளை கிளினிக். அம்மாவும் வருகிறாராம். "அந்தத் தாளை எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்கிறார்.