ஏணிக் கணக்கில் மார்க் எங்கே போகிறது?

ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருளின் மேல் வரும் விசைகளின் பாடம்) பிடிபடவில்லை என்பவர்கள் ட்ரஸ் (கம்பிகள் கோத்த சட்டகம்), பீம் (உத்தரம்) எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு ஏணிக் கணக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காரலாம். ஃப்ரீ பாடி டயகிராம் (பொருளைத் தனியே எடுத்து அதன் மேல் வரும் விசைகளை வரையும் படம்), மொமென்ட் (ஒரு புள்ளியைச் சுற்றி விசை தரும் திருப்பம்: விசை × தூரம்), உராய்வு மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

5 மீட்டர் ஏணி, வழவழப்பான சுவரில் சாத்தியிருக்கிறது. அடிமுனை சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருப்பதால் மேல்முனை 4 மீட்டர் உயரத்தில். ஏணியின் எடை 200 நியூட்டன், ஏறுகிறவர் எடை 700 நியூட்டன். தரையில் உராய்வுக் கெழு (தரை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்) 0.3. அவர் எவ்வளவு தூரம் ஏறினால் ஏணி சறுக்கும்?

முதலில் படம். சுவரையும் தரையையும் அழித்துவிட்டு ஏணியை மட்டும் வரையுங்கள். அதன் மேல் ஐந்தே விசைகள்: நடுவில் 200 கீழ்நோக்கி, ஆள் நிற்கும் இடத்தில் 700 கீழ்நோக்கி, அடிமுனையில் தரையின் நார்மல் (பரப்பு தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை) மேல்நோக்கி, அங்கேயே உராய்வு, மேல்முனையில் சுவரின் நார்மல். அடிமுனை சறுக்கினால் சுவரை விட்டு விலகித்தான் போகும். ஆகவே உராய்வு சுவரைப் பார்த்து. பலர் சறுக்குவது சுவர் விசையில். அதை ஏணியின் வாக்கிலேயே சாய்வாக வரைந்துவிடுகிறார்கள். வழவழப்பான பரப்பு தனக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ளும், எனவே அது கிடைமட்டம். (ஏணியின் நடுப்பகுதி காம்பவுண்ட் சுவரின் விளிம்பில் சாய்ந்திருந்தால் கதை வேறு: அங்கே விசை ஏணிக்குச் செங்குத்து.)

படம் சரியென்றால் மீதி பத்து வரிதான். செங்குத்துச் சமநிலையில் தரையின் நார்மல் 900. கிடைமட்டத்தில் சுவர் விசையும் உராய்வும் சமம். மொமென்ட்டை அடிமுனையில் எடுங்கள். தெரியாத இரண்டு விசைகள் அங்கேயே ஒழிந்துபோகும். ஆள் ஏணி வழியே ஏறிய தூரத்தை ‘தூ’ என்று வைத்தால் அவருடைய கிடைமட்டத் தூரம் 0.6 தூ:

4 × சுவர் விசை = 200 × 1.5 + 700 × 0.6 தூ

இடது பக்கம் 4-க்குப் பதில் 5 போடுவதும், வலது பக்கம் 0.6-ஐ மறப்பதும் விடைத்தாளில் அடிக்கடி வரும் தப்புகள். மொமென்ட்டுக்கு வேண்டியது விசைக் கோட்டுக்கான செங்குத்துத் தூரம். ஏணி வழியே அளந்த நீளம் இல்லை.

சறுக்கும் தறுவாயில் உராய்வு 0.3 × 900 = 270. அப்போது 1080 = 300 + 420 தூ; தூ = 1.86 மீட்டர். பாதி ஏணிகூட ஏறவில்லை, வழுக்கிவிடுகிறது.

இங்கே ஒரு பொறி. ‘உராய்வு = கெழு × நார்மல்’ என்று பார்த்தவுடன் எழுதுவதுதான் இந்தப் பாடத்தின் மிகக் கெட்ட பழக்கம். அது சறுக்கும் தறுவாயில் மட்டும் உண்மை. அதே ஆள் 1 மீட்டர் மட்டும் ஏறி நிற்கும்போது உராய்வு 720 ÷ 4 = 180; 270 இல்லை. தேவைப்படுகிற அளவுதான் உராய்வு வரும், 270 அதன் உச்சவரம்பு. கேள்வியில் ‘சறுக்கும் தறுவாயில்’ என்ற பொருளில் வார்த்தை இருக்கிறதா என்று பார்க்காமல் கெழுவைத் தொடாதீர்கள்.

விடையைச் சரிபார்க்க, அடிமுனைக்கு நேர் மேலே, மேல்முனையின் உயரத்தில் ஒரு புள்ளியை வைத்து அங்கே மொமென்ட் எடுங்கள். இரண்டு நார்மல்களும் அதன் வழியே போவதால் உராய்வு மட்டுமே மிஞ்சும். அதே 300 + 420 தூ திரும்பி வர வேண்டும்.

சுவரும் சொரசொரப்பாக இருந்தால்? தெரியாத விசைகள் நான்கு (இரண்டு நார்மல், இரண்டு உராய்வு), சமநிலைச் சமன்பாடுகள் மூன்று. சறுக்கும் தறுவாய் என்று சொல்லாதவரை விடையே கிடைக்காது. சொல்லிவிட்டால் இரண்டு முனைகளும் சேர்ந்தேதான் சறுக்கும், உராய்வுச் சமன்பாடுகள் இரண்டு கூடுதலாகக் கிடைக்கும்.

உயரம் நான்கு பங்கென்றால் அடி ஒரு பங்கு தள்ளி வை என்று ஏணிக்கு ஒரு விதி உண்டு. அதையும் போட்டுப் பார்க்கலாம். அடிமுனை 1.2 மீட்டர் என்றால் உயரம் ஏறக்குறைய 4.85. ஆள் உச்சிக்கே போனாலும் 120 + 840 = 960; அதை 4.85-ஆல் வகுத்தால் உராய்வு 198 நியூட்டன், தேவையான கெழு 0.22. நம் 0.3 தாராளம். முதலில் வைத்த 3 மீட்டரில் உச்சிக்குப் போக 0.67 வேண்டியிருந்திருக்கும்.