புட்டு மாவு பதம்

போன மாசம் தக்கலையில் கட்டடக்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி எடுத்தேன். இன்ஜினியர்கள் பன்னிரண்டு பேர், கொத்தனார்கள் ஒன்பது பேர். மழைத்தண்ணியை ரோட்டுக்குத் தள்ளாமல் முற்றத்திலேயே எப்படி இறக்குவது என்பதுதான் பாடம்.

முதலில் காட்டியது என் தோல்வியை. மூன்று வருஷம் முன்னால் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டு முற்றத்துக்குத் தண்ணி இறங்குகிற மாதிரி இன்டர்லாக் கல் தளம் வரைந்து கொடுத்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பொடியே கிடையாது, 6 எம்.எம். சிப்ஸ், அதாவது சின்ன ஜல்லி மட்டும். கல்லுக்குக் கீழே 5 சென்டிமீட்டர் சிப்ஸ், அதற்கும் கீழே முக்கால் இஞ்ச் ஜல்லி. கல் பதித்த அன்று எனக்கு நாகர்கோவிலில் வேறு சைட். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இடுக்கு முழுக்கப் பாறைப்பொடி. "சிப்ஸ் போட்டா கல்லு ஆடும் சாரே, பொடி போட்டு நல்லா அடைச்சாச்சு" என்று பதித்தவர் பெருமையாகச் சொன்னார். அடுத்த மழைக்குத் தண்ணி வராந்தாப் படியைத் தொட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பொடி ஏன் கூடாது என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வரைபடத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன், அவர் அதை அலமாரியில் பத்திரமாக வைத்தார்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐந்து சென்ட் மனை சுமார் 200 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை பெய்தால் அதில் மட்டும் பத்தாயிரம் லிட்டர் விழுகிறது. வீடு, முற்றம் எல்லாம் சேர்த்து மூடிவிட்டால் அத்தனையும் ரோட்டுக்கு. 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தோமே, அந்தத் தண்ணியில் எவ்வளவு நம் முற்றங்களில் இருந்து போனது! சித்திரையில் கிணற்றில் வாளி தட்டுகிறது என்று சொல்பவர்களும் அதே வீட்டுக்காரர்கள்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. அன்றிலிருந்து பிளானில் ஒரு குழி வரைகிறோம். பல வீடுகளில் அது பிளானோடு சரி.

மதியத்துக்கு மேல் நீர் இறங்கும் கான்கிரீட். இதில் மணல் இல்லை, அல்லது பேருக்குக் கொஞ்சம். ஜல்லி, சிமெண்ட், தண்ணி. உள்ளே 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம் இருக்கவேண்டும். சிமெண்டுக்குத் தண்ணி 0.3 விகிதத்தை ஒட்டி. இன்ஜினியர்கள் எழுதிக்கொண்டார்கள். கொத்தனார்கள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. வெளியே போய்க் கலவை போட்டோம். ஒரு பிடி எடுத்து உருட்டச் சொன்னேன்: உதிர்ந்தால் தண்ணி போதாது, சிமெண்ட் பால் ஒழுகினால் தண்ணி கூடிவிட்டது. குழித்துறைக்காரர் ஒருத்தர், அறுபது வயசிருக்கும், உருண்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது புட்டுக்கு மாவு நனைக்கியதுதானே சாரே. பிடிச்சா நிக்கணும், அமுக்கினா உதிரணும். குத்தி நிறைச்சா ஆவி மேல வராது."

இத்தனை வருஷம் நான் சதவீதம் சதவீதமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் குழாய்ப்புட்டில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கரண்டியால் தேய்த்து மெழுகவில்லை. லேசாக ரோலர் உருட்டி, உடனே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினோம். ஏழு நாள் திறக்கக்கூடாது என்றேன். காற்று உள்ளே புகுந்து ஓடுகிற கான்கிரீட், சீக்கிரம் காய்ந்து மேல்ஜல்லி பெயரும்.

இதே கான்கிரீட்டில் முன்னமே போட்டு வைத்திருந்த பலகையில் தண்ணிச் சோதனை. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தைத் தண்ணி கசியாமல் பட்டிப் பசை வைத்து ஒட்டி, முதலில் கொஞ்சம் ஊற்றி நனைத்து, பிறகு 18 லிட்டர். ஒரு நிமிஷத்துக்குள் இறங்கியது. கணக்குப் போட்டால் மணிக்கு 15,000 மி.மீ.க்கு மேல், எந்த மழையும் இதன் பக்கத்தில் வராது. பக்கத்திலேயே பொடி அடைத்த இன்டர்லாக் துண்டு ஒன்று வைத்திருந்தேன். அதில் ஊற்றிவிட்டு டீ குடித்து வந்தோம், தண்ணி அப்படியே நின்றது.

மேலே இறங்கும் வேகம் பெரிசில்லை, கீழே தங்க இடம் வேண்டும். 30 சென்டிமீட்டர் ஜல்லியில் நூற்றுக்கு நாற்பது பங்கு இடைவெளி என்றால் 120 மி.மீ. மழையைப் பிடித்து வைக்கும். அதற்கப்புறம் மண் குடிக்கவேண்டும்.

அங்கேதான் மாட்டினேன். தண்ணி இறங்குகிற சரல் மண்ணை, அதாவது பரல் கலந்த மண்ணை, மனசில் வைத்தே எல்லாப் படமும் போட்டிருந்தேன். ஒரு கொத்தனார் கையைத் தூக்கினார்: "வயலை மண்ணு போட்டு நிரத்தின பிளாட்ல என்ன செய்ய? ரெண்டடி தோண்டினா தண்ணி ஊறுமே." நியாயம். ஜல்லியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 60 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாத இடத்தில் அடியில் துளைபோட்ட குழாய் வைத்து மெதுவாக ஓடைக்கு விடலாம்; கிணறு ஊறாது, ஆனால் வெள்ளத்தின் வேகம் குறையும். வயலை நிரத்தியதே தப்பு என்று சொல்ல வாய் வந்தது. எதிரே நான்கு பேர் அப்படிப்பட்ட பிளாட்டில் வேலை பார்ப்பவர்கள், விழுங்கிவிட்டேன்.

அடுத்த பயிற்சி கொல்லங்கோட்டில். சரல், வயல், கடற்கரை மணல் என்று மூன்று மண்ணையும் வாளியில் கொண்டுபோகிறேன், ஸ்லைடு பாதியாகக் குறைந்துவிட்டது. குழித்துறைக்காரரையும் கூட்டிப்போகிறேன், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து.

என் வீட்டு முற்றம் 2012-ல் போட்ட கெட்டிக் கான்கிரீட். உடைக்கலாம் என்றால் வீட்டில் சம்மதம் கிடைக்கமாட்டேன் என்கிறது.